நூர் பாஷாவின் முள்மரமும் மூன்று ரம்ஜான் தவணையும்

பென்னாகரம் கடைத்தெருவில் நூர் பாஷா ஈயம் பூசிய அண்டாவோ, பற்றவைத்த தகர டின்னோ ஒழுகியது என்று யாரும் திரும்பக் கொண்டுவந்ததில்லை. வேலை முடிந்ததும் பாத்திரத்தில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, காய்ந்த பழைய துணியின் மேல் அரை மணி நேரம் வைப்பார். பிறகு பாத்திரத்தைத் தூக்கிவிட்டுத் துணியை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். துணி காய்ந்திருந்தால்தான் பாத்திரம் கடையை விட்டுப் போகும். நான் வேலை பார்த்த பஞ்சாயத்து யூனியன் அலுவலக மழைமானியின் புனலில் விரிசல் விட்டபோது, 1961 ஆகஸ்டில், அதை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். அப்படி ஏற்பட்ட பழக்கம். அன்றும் அந்தத் துணியைத் தடவிய பிறகுதான் புனலை என் கையில் கொடுத்தார்.

அவர் பிறந்தது 1919-இல், கிருஷ்ணகிரியில். தகப்பனார் அப்துல் சுபானும் ஈயம் பூசுகிறவர்தான். பதினான்கு வயதில் துருத்தி பிடித்தார். பத்தொன்பதில் பென்னாகரம் வந்து சொந்தமாகக் கடை போட்டார். கடைக்குப் பின்னாலேயே வீடு. மனைவி ஜான் பீ, பாப்பாரப்பட்டிக்காரர். இரண்டு பெண்கள், 1967-க்குள் இருவருக்கும் கலியாணம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வீட்டில் இவர்கள் இருவரும், பின்புறச் சுவரோரம் ஒரு பித்தளைத் தட்டில் பைரகாந்தா என்ற முள்மரமும்தான். முக்கால் முழ உயரம்கூட இல்லாத அந்த மரம் பென்னாகரத்தில் ஒருமுறையாவது பழுக்குமா என்பது நூர் பாஷாவுக்குப் பல ஆண்டுகள் பெரிய கேள்வியாக இருந்தது. பழுக்காவிட்டால் அது அடுப்புக்குப் போகும் என்று நாளும் குறிக்கப்பட்டிருந்தது. நான் பார்த்ததையும் அளந்ததையும் பார்த்தபடியே எழுதுகிறேன். பார்க்காததை, சொன்னவர் பெயரோடு எழுதுகிறேன்.

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவில் கிறிஸ்துமஸுக்கு முன்பு சமையல் பாத்திரங்களுக்கெல்லாம் ஈயம் பூசுவார்கள். அந்த வேலைக்கு நூர் பாஷா ஆண்டுதோறும் டிசம்பர் முதல் வாரத்தில் போவார். 1962-இல் போனபோது பங்களா வராந்தாவில், பச்சை நிறப் பீங்கான் தட்டு ஒன்றில், ஒரு சாண் உயரத்தில் முழு மரம் ஒன்று நிற்பதைப் பார்த்தார். அந்த வீட்டம்மா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. பக்கத்தில் போக அனுமதி இல்லை. "நான் மொதல்ல மரத்தைப் பார்க்கலீங்க, தட்டைத்தான் பார்த்தேன். மூலை எல்லாம் என்னா சுத்தமா வளைஞ்சிருந்துது!" என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

அதே பங்களாவைச் சுற்றி ஆள் உயர முள்வேலி. அந்த மாதத்தில் அதில் இலையை விடப் பழம் அதிகம். சுண்டைக்காயில் பாதியளவு, குங்குமத்தை உருட்டி வைத்ததுபோல் கொத்துக் கொத்தாக. தோட்டக்காரர் மாதப்பனிடம் பெயர் கேட்டார். வீட்டம்மா அதைப் பைரகாந்தா என்று சொல்வதாக மாதப்பன் சொன்னார். வேலியில் ஒரு பகுதியை அந்த வாரம் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கட்டைவிரல் தடிமனுள்ள ஓர் அடிக்கட்டையை வேரோடு சாக்கில் சுற்றி வாங்கிக்கொண்டு நூர் பாஷா மலையிறங்கினார். வீட்டுக்கு வந்து, உடைந்த அண்டாவின் அடித்தகட்டை வெட்டி, பதினாலு அங்குலம் நீளம், ஒன்பது அங்குலம் அகலம், இரண்டரை அங்குலம் ஆழத்தில் தட்டு செய்தார். மூலைகளை அந்தப் பீங்கான் தட்டைப் போலவே வளைத்தார். உள்ளே ஈயம் பூசினார். வழக்கம்போல் துணி வைத்துச் சோதித்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை. கட்டையை அதில் நட்டார்.

கோடை முழுவதும் துளிர்த்த கட்டை அக்டோபர் மழையில் இலை கருத்து, அந்த மாதக் கடைசிக்குள் செத்தது.

1963 டிசம்பரில் மறுபடி ஏற்காடு. அங்கே நடந்த பேச்சை அவர் பலமுறை, தன்னையே கிண்டல் செய்துகொண்டு, கடையில் நடித்துக் காட்டியிருக்கிறார்.

"செத்துப் போச்சுங்க மாதப்பண்ணே. எங்க ஊரு வெயிலு அப்படி."

"எப்ப செத்துச்சு பாய்?"

"அக்டோபருல."

"அக்டோபருல என்னா வெயிலு? அது மழைக்காலமாச்சே. உங்க தட்டுல ஓட்டை எத்தனை?"

"ஓட்டையா? என்னா பேச்சு பேசறீங்க! முப்பது வருசமா ஊரு ஓட்டையெல்லாம் அடைக்கிறவன் நானு. நான் செஞ்ச தட்டுல ஓட்டை இருக்குமா?"

மாதப்பன் வராந்தாவுக்குப் போய், அந்தப் பச்சைத் தட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, "கீழ குனிஞ்சு பாருங்க" என்றாராம். அடியில் விரல் நுழையும் அளவில் இரண்டு துளைகள்.

"செடிக்கும் மூச்சு இருக்குது பாய். நீங்க அதைக் கெணத்துல முக்கிக் கொன்னுட்டீங்க."

இரண்டாவது கட்டை 1963 டிசம்பர் 14 அன்று பென்னாகரம் வந்தது. தட்டில் துளை போட அவருக்கு மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கிவிட்டு, அடிக்காமல் கீழே வைத்துவிட்டார். இரண்டாம் நாள் கடையில் ஆள் இருக்கிறார்கள் என்றார். மூன்றாம் நாள் வீட்டுப் பின்புறத்தில் வைத்து இரண்டு அடி அடித்தார். "நம்ம பொண்ணுங்களுக்குக் காது குத்தறப்பகூட இந்த மனுசன் மொகம் இப்படி ஆகலீங்க" என்று ஜான் பீ சொன்னார். அதன் பிறகு நடந்ததை நான் நேரில் பார்த்தேன். தட்டைக் காய்ந்த துணியின் மேல் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். தூக்கிவிட்டுத் துணியைத் தடவினார். நனைந்திருந்தது. "பாஸ்" என்றார். இருந்தாலும் அந்தத் தட்டு வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடாது என்று பல மாதம் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்.

மண்ணுக்கு மூன்று பங்கு செம்மண், இரண்டு பங்கு சின்னாற்று மணல், ஒரு பங்கு பொடித்த ஆட்டுப்புழுக்கை. அடிக்கட்டையை ஏழரை அங்குலத்துக்கு வெட்டினார். அதற்கு மேல் அவர் செய்ததெல்லாம் சொந்த யோசனை. யாரிடமும் கற்றதில்லை, கற்றுக்கொடுக்க எங்கள் பக்கத்தில் ஆளும் இல்லை.

கிளையை வளைக்கச் செப்புக் கம்பி சுற்றினார். கம்பி விறைப்பாக இருந்தால் இளங்கிளை முறியும். அதனால் கம்பியை உலையில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுப்பார். அப்படிச் செய்த செம்பு நூல்போல் வளையும் என்பது அவர் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த பாடம். அதைச் செடிக்குக் கொண்டுபோனது அவர்தான். சுற்றிய கம்பியை நாற்பதாம் நாள் பிரித்துவிடுவார். கிளை தடித்துக் கம்பி அதன் தோலில் பதிந்ததை ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அதற்கும் அவர் அந்தக் கிளையிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் வாய்க்குள் ஏதோ சொன்னார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மரத்தைத் தட்டிலிருந்து எடுத்து, வேரில் மூன்றிலொரு பங்கை வெட்டி, புது மண் போட்டு நடுவார். முள் குத்தாமல் இருக்க ஆள்காட்டி விரலுக்குத் தகரத்தில் ஒரு குப்பி செய்து மாட்டிக்கொள்வார்.

வடிவத்துக்கு மாதிரி எது என்று 1966-இல் கேட்டேன். ஒகேனக்கல் சாலையில் ஒரு வளைவில் காற்றுக்கு ஒருபக்கம் சாய்ந்து நிற்கும் புளியமரத்தைச் சொன்னார். மறு ஞாயிறு பேருந்தில் போய் இறங்கிப் பார்த்தேன். அடிமரம் தெற்கே சாய்ந்து, முதல் கிளை வடக்கே நீண்டு, உச்சி மறுபடி நடுவுக்கு வந்திருந்தது. தட்டில் இருந்ததும் அதேதான். அறுபது அடி மரத்தை ஓர் அடிக்குள் கொண்டுவர அவர் பயன்படுத்தியது தாடி ஒதுக்கும் சின்னக் கத்தரியும் செப்புக் கம்பியும் மட்டுமே. அந்த வேலையைப் பற்றி எனக்கு இருந்த வியப்பு இன்றும் குறையவில்லை.

ஆனால் அந்த மரம் பூக்கவில்லை.

தாடிக் கத்தரி என்றேன். வெள்ளிக்கிழமை காலை, ஜும்மாவுக்குப் போகுமுன், அவர் நகம் வெட்டி, மீசை தாடி ஒதுக்கிக்கொள்வார். அது முடிந்ததும் அதே முக்காலியில் உட்கார்ந்து மரத்தையும் ஒதுக்குவார். அந்த வாரம் நீண்ட துளிரையெல்லாம் ஒரே அளவுக்குக் கத்தரிப்பார். மழையோ, விருந்தாளியோ, எதுவானாலும் இது தவறாது. "பாய்க்கும் செடிக்கும் ஒரே நாளுல சவரம்" என்பது தெருவில் வழக்கமாகிவிட்ட வாக்கியம். மரம் எப்போது பார்த்தாலும் அப்போதுதான் வெட்டியதுபோல் இருக்கும். 1964 ஜனவரி முதல் நான் ஆண்டுக்கு ஒருமுறை அளந்து எழுதியிருக்கிறேன். 1970 ஜனவரியில் உயரம் பதினொன்றே கால் அங்குலம், அடிமரச் சுற்றளவு ஐந்து. அத்தனை ஆண்டிலும் பூ என்ற இடத்தில் ஒரு கோடுதான்.

1968-இல் வெங்கடாசலம் எங்கள் அலுவலகத்துக்கு விவசாய விரிவாக்க அலுவலராக மாறி வந்தார். நல்ல மனிதர், படித்தவர். ஒரு செம்பு பற்றவைக்கப் போனவர் மரத்தைப் பார்த்துவிட்டு, "வேலை அற்புதம் பாய். ஆனா இது குளிர்நாட்டுச் செடி. நம்ம ஊரு உயரத்துல இலைதான் வரும். பழத்தை மறந்துருங்க" என்றார்.

கடையில் அப்போது ஐந்தாறு பேர். நூர் பாஷா துருத்தியை நிறுத்திவிட்டு, "பழுக்கும் சார்" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"அது இங்க சாவல. சாவாத மரம் பழுத்துத்தான் ஆவணும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அன்று முதல் கடைக்கு வருகிறவர்கள் பாத்திரத்தைக் கொடுக்குமுன், "பாய், பழம் எப்போ?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்கள்.

1969 கோடையில் தெருக்கிணறு வற்றியது. ஏரிக்கரைக் கிணற்றுக்குப் போகவர ஒரு மைல். ஜான் பீ காலையில் இரண்டு நடை, மாலையில் ஒரு நடை போவார். தட்டில் இருக்கும் மண்ணோ இரண்டு அங்குலம். பித்தளை வெயிலில் கொதிக்கும். மரத்துக்குக் காலை ஒரு செம்பு, மாலை ஒரு செம்பு தண்ணீர் இல்லாவிட்டால் தீர்ந்தது. நூர் பாஷா கடையில் இருப்பார். தண்ணீர் சுமக்கிறவர் ஜான் பீ. மே மாதம் ஒரு மாலை நான் அங்கே இருந்தபோது அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பேசினார். அவர்கள் தங்களுக்குள் உருதுவில் பேசுகிறவர்கள். நானும் கேட்க வேண்டும் என்றுதான் தமிழில் பேசினார் என்று நினைக்கிறேன்.

"நீங்க சாட்சி சார். இந்த மரம் நெழல் தருதா? இல்ல. கறிக்குப் போட ஒரு எலை தருதா? இல்ல. ஆடுகூட மோந்து பார்த்துட்டுப் போயிருது. நான் இடுப்பு ஒடிய சொமந்து வர்ற தண்ணியில ரெண்டு செம்பு இதுக்கு. கேட்டா பழம் வரும்ங்கறாரு."

"வரும்" என்றார் நூர் பாஷா.

"எப்ப வரும்?"

"அது மரத்தைக் கேக்கணும்."

"மரத்தைக் கேட்டாச்சு. அதுக்கு நான் தவணை சொல்றேன். மூணு ரம்ஜான். இந்த வருசம், அடுத்த வருசம், அதுக்கடுத்த வருசம். மூணாவது ரம்ஜான் அன்னிக்கி சிவப்பா ஒரு பழம் என் கண்ணுல படணும். இல்லன்னா மறுநாள் அடுப்புல வெச்சுருவேன். அதுவரைக்கும் தண்ணி என் பொறுப்பு. ஒரு வேளைகூட கொறைக்க மாட்டேன். சரிங்களா?"

நூர் பாஷா மரத்தைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். "சரி" என்றார். அவர் வேறு எதுவும் சொல்லியிருக்க முடியாது. ஜான் பீயின் இடுப்பு வலிக்குப் பனங்கற்கண்டும் சுக்கும் தட்டிப்போட்டுக் கொடுப்பது அவர்தான்.

1969 ரம்ஜான் டிசம்பரில் வந்தது. பூ இல்லை. முதல் தவணை போயிற்று.

1970 ஜூன் 9, செவ்வாய்க்கிழமை. ஒரு கலியாண அண்டாவின் விளிம்பு மடிப்புக்குள் ஈரம் நின்றிருந்தது. வெளியே தெரியவில்லை. சூடேற்றி, ஈயம் ஒட்டுவதற்கு நவச்சாரம் தூவி, உருகிய ஈயத்தைத் துணியால் தேய்த்தபோது மடிப்பிலிருந்த தண்ணீர் ஆவியாகி வெடித்து, ஈயத்தை வலது கை மேல் அடித்தது. நான்கு விரலும் உள்ளங்கையும் வெந்துவிட்டன. தர்மபுரி ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். பிறகு வீட்டில் கட்டோடு ஆறு மாதம். ஜான் பீயின் தம்பி கரீம் பாப்பாரப்பட்டியிலிருந்து வந்து கடையைப் பார்த்துக்கொண்டார்.

முதல் வெள்ளிக்கிழமை கரீம், அக்கா கணவருக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று கத்தரியை எடுத்துக்கொண்டு மரத்தின் முன் உட்கார்ந்தார். ஜான் பீ அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

"வைடா கீழ!"

"ஏங்கக்கா, கொஞ்சம் ஒதுக்கி உடறேன். காடு மாதிரி இருக்குது."

"காடாவே இருக்கட்டும். நீ ஒரு கெளையத் தப்பா வெட்டி, நாளைக்கி அது காய்க்காம போனா, பொண்டாட்டி தம்பியை உட்டு வெட்ட வெச்சுட்டான்னு என்மேல பழி வரும். தவணை முடியற வரைக்கும் இதுமேல அவரு கைதான் படணும். தண்ணி மட்டும்தான் என்னுது."

எரித்துப்போட நாள் குறித்தவரே அந்த மரத்துக்கு அநியாயம் நடக்கவிடவில்லை. அவர் மனசு அப்படி. கட்டோடு படுத்திருந்தவருக்குக் கஞ்சி வைத்து, கட்டு மாற்றி, ஏரிக்கரைக்கு நடந்து, அந்த இரண்டு செம்பை ஒருநாளும் குறைக்கவில்லை. சில நாள் அரிசி கழுவிய தண்ணீரும் சேர்ந்தது. "அது தவணையில சேராது, கொசுறு" என்றார்.

டிசம்பருக்குள் கிளைகள் நாலா பக்கமும் நீண்டு, புளியமர வடிவம் போன இடம் தெரியவில்லை. மிக நீண்டது பதினாறு அங்குலம். நூர் பாஷா அந்தப் பக்கம் முகம் திருப்ப மாட்டார். "ஏழு வருச வேலை சார். பக்கிரி தலை மாதிரி நிக்குது" என்பார். இரண்டாவது ரம்ஜானும் அந்தக் கோலத்தில் வந்து போயிற்று. மிச்சம் ஒன்று.

1971 ஜனவரி 8, வெள்ளிக்கிழமை, அவர் மறுபடி முக்காலியில் உட்கார்ந்தார். வலது விரல்கள் கத்தரி வளையத்துக்குள் நுழையவில்லை. இடது கையால் பிடித்து, இடதுபக்கக் கிளைகளைப் பழைய அளவுக்கு வெட்டினார். ஒரு மணி நேரத்தில் அந்தக் கையும் ஓய்ந்துவிட்டது. வலதுபக்கத்தை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று எழுந்தார். அடுத்த வாரம் வலது கைத் தழும்பு வெடித்துச் சீழ் வைத்தது. மார்ச் வரை கையை எதற்கும் எடுக்கக்கூடாது என்று டாக்டர் கண்டித்துவிட்டார். மரம் பாதி சவரம் செய்த முகமாக நின்றது. தெருவில் அதற்கும் சிரிப்பு.

மார்ச் 17 அன்று காலை ஜான் பீ என் வீட்டுக்கே வந்துவிட்டார். "சார், கொஞ்சம் வாங்க. அவரு ஒண்ணும் பேச மாட்டேங்கறாரு."

போனேன். மரத்தின் வலதுபக்கத்தில், வெட்டாத கிளைகளில், அரிசி நொய்யைக் கொத்தாகக் கட்டியதுபோல் வெள்ளைப் பூக்கள். ஒன்பது கொத்து. வெட்டிய இடதுபக்கத்தில் ஒன்றுகூட இல்லை. நூர் பாஷா மரத்தின் முன் தரையில் உட்கார்ந்திருந்தார். இடதுபக்கக் கிளை ஒன்றின் நுனியைத் தொட்டார். பிறகு வலதுபக்கத்தில் ஒன்றைத் தொட்டார். இப்படியே ஐந்தாறு முறை.

"போன வருசம் வளர்ந்த குச்சியிலதான் பூ வெச்சிருக்குது சார்" என்றார் கடைசியில். "நான் எந்தக் குச்சியையும் ஒரு வாரத்துக்கு மேல வளர உட்டதில்ல. மரம் பூக்காம இல்ல. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம நானே பூவை வெட்டிப் போட்டுட்டு, பழம் எங்கன்னு அதைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

கட்டை வந்த நாள் முதல் கை வெந்த நாள் வரை முந்நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட வெள்ளிக்கிழமைகள். அதை நான் அப்போது சொல்லவில்லை. ஏற்காட்டில் வேலியை ஆண்டுக்கு ஒருமுறை, பழம் தீர்ந்த பிறகுதான் வெட்டுவார்களாம். அதை மாதப்பனிடம் இவர் கேட்கவில்லை. வாரம் தவறாமல் வெட்டுகிற ஒருவர் உலகத்தில் இருப்பார் என்று மாதப்பனுக்கும் தோன்றியிருக்காது.

தப்பைக் கண்டதும் அவர் செய்த முதல் காரியத்தைச் சொல்ல வேண்டும். கடைக்குப் போய், வந்திருந்த நான்கு பேர் முன்னால், "பழம் வராததுக்கு வெயில் காரணமில்ல, என் கத்தரிதான் காரணம்" என்று தாமாகவே சொன்னார். யாரும் கேட்கவில்லை. ஒழுகும் பாத்திரத்தை மூடி வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

ஏப்ரலில் பூ உதிர்ந்து பச்சைக் காய் பிடித்தது. எண்ணினேன்: அறுபத்து மூன்று. வெங்கடாசலம் வந்து பார்த்தார். "ஒத்துக்கறேன் பாய், பூக்கும்னு நான் நெனைக்கல. ஆனா மே மாச வெயிலுல காய் நிக்காது" என்றார். அவர் சொன்னதில் பாதி நடந்தது. மே கடைசியில் இருபத்தேழு. ஜான் பீ தட்டைத் தாமே நகர்த்திச் சுவரின் கிழக்கு நிழலுக்குக் கொண்டுபோனார். தட்டைச் சுற்றி ஈரச் சாக்குக் கட்டினார். மூன்றாவது செம்பு ஒன்று மத்தியானத்தில் தொடங்கியது.

"மூணாவது செம்பு தவணையில உண்டா?" என்று நூர் பாஷா கேட்டார்.

"வாயை மூடிக்கிட்டு இருங்க. அடுப்புல வெக்கறதுன்னாலும் நல்லா வளர்ந்த மரமா வெக்கலாமுன்னு பார்க்கறேன்."

செப்டம்பரில் பத்தொன்பது. எல்லாம் பச்சை. அக்டோபர் 22-இல் நோன்பு தொடங்கியது. அப்போதும் பச்சை. நூர் பாஷா பகலெல்லாம் நோன்போடு உலைமுன் உட்கார்ந்துவிட்டு, மாலையில் நோன்பு திறந்ததும் கஞ்சிக் கிண்ணத்தோடு மரத்தின் முன்னால்தான் போய் உட்காருவார். ஜான் பீயிடம் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பச்சையா இருந்தா ஏத்துக்குவியா?"

"சிவப்புன்னுதான் சொன்னேன். சார் சாட்சி."

ஆம் என்றேன். வேறு வழியில்லை, அப்படித்தான் சொல்லியிருந்தார்.

நவம்பர் 11 அன்று ஒரு காயின் வெயில்பட்ட கன்னம் மஞ்சளானது. பதினைந்தில் ஆறு காய் ஆரஞ்சு. அன்றே கொண்டைக்குருவிகளும் வந்துவிட்டன. மாலைக்குள் நான்கு காணோம். நூர் பாஷா தகரக் கம்பியில் கூண்டு பின்னி மரத்தை மூடினார். பின்னி முடித்தபோது இருந்தவை பதினொன்று.

ரம்ஜான் நவம்பர் 20, சனிக்கிழமை. தொழுகை முடிந்து, புதுச்சட்டையோடு அவர் நேராகப் பின்புறம் வந்தார். நானும் கரீமும் இருந்தோம். வெங்கடாசலமும் வாழ்த்துச் சொல்ல வந்திருந்தார். ஜான் பீ சேமியாப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கூண்டை எடுத்தார்.

"இது ஆரஞ்சு. தள்ளு. இதுவும் ஆரஞ்சு. இது பாதி."

"அந்தாண்ட பாரு, அடியில" என்றார் நூர் பாஷா.

"நீங்க சும்மா இருங்க. எனக்குக் கண்ணு இருக்குது."

ஜான் பீ முள்ளையும் பார்க்காமல், நூர் பாஷாவின் தகரக் குப்பி இல்லாமலே இலையை விலக்கினார். வடக்கே நீண்ட அந்த முதல் கிளையின் கீழே, நிழலில், மூன்று பழம். குருவி கண்ணுக்குப் படாமல் தப்பிய மூன்று. ஏற்காட்டு வேலியில் இருந்ததுபோல் முழுச் சிவப்பு.

ஜான் பீ முந்தானையைத் தலைமேல் இழுத்து விட்டுக்கொண்டார்.

"பழம்தான்" என்றார்.

நூர் பாஷா முக்காலியைத் தேடி உட்கார்ந்தார். கரீம் அவர் தோளைக் கட்டிக்கொண்டார். வெங்கடாசலம் ஒரு பழத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும், "நான் சொன்னது தப்பு பாய். இதை எழுதி மேல அனுப்பணும்" என்றார். பிறகு, "நம்ம ஆபீஸ் தோட்டத்துக்கு ஒரு குச்சி குடுங்க. பதியம் போட்டு ஒரு தட்டுல நாங்களும் வளர்க்கறோம்" என்று கேட்டார்.

நூர் பாஷா, "என்னைக் கேக்காதீங்க சார். மரம் அவங்களுது. நான் வெட்டறவன் மட்டும்தான்" என்றார்.

ஜான் பீ சேமியாவைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "தாராளமா தர்றேன். ஒரு நாளைக்கி மூணு செம்பு. லீவு நாள் கெடையாது. உங்க ஆபீஸுல யாரு ஊத்துவாங்கன்னு மட்டும் பேரைச் சொல்லிட்டு எடுத்துக்கிட்டுப் போங்க."

வெங்கடாசலம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சேமியாவை ஊதி ஊதிக் குடித்தார். அன்று மட்டுமல்ல, 1974-இல் மாற்றலாகிப் போகும்வரை அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. குச்சியும் எங்கள் அலுவலகத்துக்கு வரவில்லை.